வெளிநாட்டில் ஹோஸ்ட் ஃபேமிலி வீடு: பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

#1 பெரம்பூர் வாணி

வணக்கம். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் படிக்க வெளிநாடு கிளம்புகிறார்கள். அக்கா பையனுக்கு 15 வயது. இங்கிலாந்தில் ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் ஹாஸ்டல் கிடையாது. கொழுந்தனார் மகளுக்கு 22. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரில் எம்.எஸ்சி. இரண்டு பேரையும் தனி ரூமில் விடாமல் ஒரு குடும்பத்தோடு தங்க வைக்க ஆசைப்படுகிறோம்.

பையனின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் லெஸ்டரில் இருக்கிறார், வேலை விசாவில். "என் வீட்டுலயே இருக்கட்டும், பணமும் வேணாம்" என்கிறார். அது போதுமா, இல்லை ஏஜென்சி மூலம் வெள்ளைக்காரர் வீடு பார்ப்பதா? ஜெர்மனிக்கு எங்கே தேடுவது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 தாம்பரம் ஜோசப்

வாணி மேடம், இரண்டு பேருடைய விஷயத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். 22 வயதுப் பெண்ணுக்கு வீடு தேடுவது வாடகை விவகாரம். 15 வயதுப் பையனுக்கு அது குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. "தங்க இடம் இருக்கு" என்று ஒருவர் சொல்வது அங்கே போதாது.

இங்கிலாந்தில் 16 வயது நிரம்பாத பிள்ளை, பெற்றோரோ நெருங்கிய உறவினரோ அல்லாத ஒருவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் அதற்கு 'பிரைவேட் ஃபாஸ்டரிங்' என்று பெயர். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதுதான். அந்த ஊர் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, ஆறு வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் கிளம்புவதாக முடிவானால் உடனே தெரிவிக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுவார். முதல் வருடம் ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பையனுக்கு அங்கே ஒரு கேட்பார் இருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடம். 'நெருங்கிய உறவினர்' என்று 1989 குழந்தைகள் சட்டம் சொல்வது தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், அவர்களைக் கட்டியவர்கள், மாற்றாந்தாய் தந்தை. அவ்வளவுதான். ஒன்றுவிட்ட சித்தப்பா நமக்குச் சித்தப்பாதான், அங்கே அவர் உறவினர் கணக்கில் வரமாட்டார். ஆக அவர் வீட்டில் விட்டாலும் பிரைவேட் ஃபாஸ்டரிங்தான், கவுன்சிலுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு பெரிய தடையும் உண்டு. பையனுக்கு எடுக்கப்போவது 'சைல்ட் ஸ்டூடண்ட்' விசா. அதில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகக் குடியேறியவராகவோ இருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் வீட்டு முகவரியைக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே சிக்கும். லெஸ்டர் சித்தப்பாவிடம் ஐ.எல்.ஆர்., அதாவது காலவரையின்றித் தங்கும் அனுமதி, வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். வரவில்லை என்றால் அந்த வழி மூடிவிட்டது. அவர் மனசு நல்ல மனசாக இருப்பது விசா அதிகாரிக்குத் தேவையில்லை.

#3 மயிலை மீனாட்சி

ஜோசப் சார் சொல்வது சட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்க் குடும்பம் என்றால் பிள்ளைக்கு ராத்திரி ரசம் சாதமாவது கிடைக்கும். ஒரு காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். 15 வயதுப் பையனுக்கு அது பெரிய பலம். ஐ.எல்.ஆர். அல்லது குடியுரிமை வைத்திருக்கும் நம்மவர் குடும்பம் எத்தனையோ லெஸ்டரிலும் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கிறது. கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு அங்கே விடலாம் அல்லவா?

#4 அண்ணாநகர் கீர்த்தனா

தாராளமாக விடலாம் மீனாட்சி அக்கா, சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தெரிந்தவர் வீட்டில் எதையும் எழுதி வைக்க நமக்குக் கூச்சம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாதம் எவ்வளவு, ரூம் தனியா பகிர்வா, அவர்கள் லீவுக்கு ஊருக்கு வந்தால் பையன் எங்கே இருப்பான், அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இவன் தலையில் விழுமா, ஒத்துப்போகவில்லை என்றால் எத்தனை நாளில் மாறலாம், இதையெல்லாம் கேட்டால் "எங்களையே சந்தேகப்படறீங்களா" என்று வந்துவிடும். கேட்காமல் விட்டால் ஆறாவது மாதம் இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை இல்லாமல் போகும். பையன் நடுவில் நிற்பான். யாரிடமும் முறையிடவும் முடியாது, ஏனென்றால் முறையிட்டால் சொந்தத்தில் சண்டை.

முகம் தெரியாத ஹோஸ்ட் வீட்டில் இந்தக் கேள்விகள் எல்லாம் படிவத்திலேயே இருக்கும். அதனால் என் கருத்து: தமிழ்க் குடும்பமாக இருந்தாலும் கார்டியன் நிறுவனத்தின் வழியாகவே போங்கள். அந்தக் குடும்பத்தை நிறுவனம் ஹோஸ்டாகப் பதிவு செய்து சோதித்துக்கொள்ளட்டும். ஏஜிஸ் என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேச மாணவர்களுக்கான கார்டியன் நிறுவனங்களை ஆய்வு செய்து சான்று தருவதே அதன் வேலை.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்டியன் வேறு, ஹோஸ்ட் வேறு. ஹோஸ்ட் சோறு போட்டு வீட்டில் வைத்துக்கொள்பவர். கார்டியன் பள்ளியோடு பேசுபவர், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்றவர், ஹோஸ்ட் வீடு சரியில்லை என்றால் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றுபவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் ஹோஸ்ட் மேல் புகார் சொல்ல பையனுக்கு ஆளே இல்லை.

#5 குரோம்பேட்டை ரகு

ஜெர்மனி பக்கம் நான் சொல்கிறேன்.

அங்கே வீட்டை விட முக்கியம் ஒரே ஒரு தாள். பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. "இன்னார் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிவந்தார்" என்று வீடு கொடுப்பவர் கையெழுத்திட்டுத் தரும் சான்று. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் அதை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்தில் 'அன்மெல்டுங்', அதாவது முகவரிப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள், இந்தச் சான்று தனியாக வேண்டும்.

பதிவு நடக்காவிட்டால் அடுத்தடுத்து எல்லாம் நிற்கும். வருமான வரி எண் வராது, பகுதி நேர வேலைக்குச் சம்பளம் ஒழுங்காகப் போட முடியாது, ரெசிடென்ஸ் பெர்மிட் வேலை தள்ளிப்போகும். அதனால் விளம்பரத்தில் "பதிவு செய்ய இயலாது" என்று இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள். அப்படிச் சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அந்தக் குடும்பமே வாடகைக்கு இருக்கும், உள்வாடகைக்கு விட வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்காது. வீட்டுக்காரர் கண்டுபிடித்தால் உங்கள் பெண்ணும் சேர்ந்து வெளியேற வேண்டிவரும்.

முதல் மின்னஞ்சலிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: "வீடு உங்களுடையதா, வாடகையா? வாடகை என்றால் உள்வாடகை அனுமதி எழுத்தில் இருக்கிறதா? பதிவுக்கான சான்று எந்தத் தேதியில் தருவீர்கள்?" நேர்மையான குடும்பம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது. அங்கே இது சாதாரணக் கேள்வி.

சின்ன விஷயம், ஆனால் நிறைய பேர் மாட்டுவது: தபால் பெட்டியில் பெண்ணின் குடும்பப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரி எண், வங்கி பின், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாமே தபாலில்தான் வரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருந்தால், பெட்டியில் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை ஒட்டினால் தபால் வராது.

வாடகையில் 'கால்ட்மீட்ட' என்பது வெறும் இடத்துக்கு, 'வார்ம்மீட்ட' என்பது ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்து. மின்சாரமும் இன்டர்நெட்டும் சேர்ந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத கால்ட்மீட்டக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். நம் ஊர் போல் பத்து மாதம் எல்லாம் கிடையாது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும், அதற்குள் வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அடங்க வேண்டும். முதல் மாதமே அட்வான்ஸும் வாடகையும் சேர்ந்து விழும் என்பதால் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பதிவு முடிந்ததும் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். ஹோஸ்ட் கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்பினால் முடிந்தது. குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்ப வரும்.

#6 வேளச்சேரி தினேஷ்

ரகு அண்ணா, ஃப்ரைபுர்கில் ரூம் கிடைப்பதே கஷ்டம் என்கிறார்கள். அதற்கு ஓ-பேர் ஆக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவராகப் போனால் வீடும் சாப்பாடும் இலவசம், கையில் காசும் கிடைக்கும். அப்படியே எம்.எஸ்சி. படித்துவிடலாமே?

#7 குரோம்பேட்டை ரகு

முடியாது தினேஷ். ஓ-பேர் தனி விசா. மாணவர் விசாவில் போய் ஓ-பேர் ஆக இருக்க முடியாது, ஓ-பேர் விசாவில் போய் முழுநேர எம்.எஸ்சி. படிக்கவும் முடியாது. 18 வயது நிறைந்து 27 நிறையாமல் இருக்க வேண்டும், ஏ1 எனும் தொடக்க நிலை ஜெர்மன் வேண்டும், அதிகபட்சம் ஒரு வருடம். நாளைக்கு 6 மணி நேரம், வாரம் 30 மணி நேரம் வரை குழந்தை பார்த்துக்கொள்வதும் சின்ன வீட்டு வேலையும். மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, அதோடு மொழி வகுப்புக்கு 70 யூரோ ஹோஸ்ட் தர வேண்டும். இன்ஷூரன்ஸும் ஹோஸ்ட் பொறுப்பு. ஜெர்மன் கற்க ஆசைப்படும் 20 வயதுப் பிள்ளைக்கு நல்ல வழி. ஏ1 தேர்வை நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம். எம்.எஸ்சி.க்குத் தங்குமிடமாக நினைக்கவே கூடாது.

மாணவர்களுக்கு என்றே வேறு ஒன்று இருக்கிறது: 'வோனன் ஃப்யூர் ஹில்ஃப', உதவிக்கு வீடு. பெரும்பாலும் வயதானவர்கள், சில சமயம் சின்னக் குழந்தை உள்ள குடும்பங்கள், ஒரு அறையைக் கொடுப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர உதவி என்பது கணக்கு. 15 சதுர மீட்டர் அறை என்றால் மாதம் 15 மணி நேரம். வாடகை இல்லை, தண்ணீர் ஹீட்டிங் செலவு மட்டும் தர வேண்டும். கடைக்குப் போவது, தோட்டம், பனி அள்ளுவது, கணினியில் உதவுவது எல்லாம் சேரும். நோயாளியைக் குளிப்பாட்டுவது போன்ற பராமரிப்பு வேலை இதில் சேராது, கேட்டால் மறுக்கலாம். ஃப்ரைபுர்கில் மாணவர் நல அமைப்பான ஷ்டூடியரெண்டன்வெர்க்கே இதை நடத்துகிறது. அங்கே விண்ணப்பம் போட ஜெர்மன் பேச வர வேண்டும், பாட்டி தாத்தாக்களிடம் ஆங்கிலம் எடுபடாது. பி1 எனும் நடுத்தர அளவு இருந்தால் தைரியமாகப் போடலாம்.

#8 மயிலை மீனாட்சி

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். ஹோஸ்ட் வீட்டில் பிள்ளைகள் வீடு மாறுவதற்கு இதுதான் பெரும் காரணம்.

படிவத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஐரோப்பாவில் சிலர் மீனை அதில் சேர்த்துவிடுவார்கள், முட்டை எல்லாருமே சேர்ப்பார்கள். "மாட்டிறைச்சி, கோழி, மீன் எதுவும் வேண்டாம். முட்டை வேண்டாம், கேக்கில் இருந்தாலும் வேண்டாம். பால், தயிர், சீஸ் சாப்பிடுவான். ஜெலட்டின் உள்ள மிட்டாய் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கேக்கில் முட்டை பரவாயில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஹோஸ்ட்டுக்கு வேலை பாதியாகக் குறையும். ஹலால் வேண்டுபவர்களும் இப்படித்தான்: இறைச்சி கிடைக்காத நாளில் சைவம் போதும் என்று சேர்த்து எழுதினால் நிறைய வீடுகள் ஒப்புக்கொள்ளும்.

'ஹாஃப் போர்ட்' என்றால் காலையும் ராத்திரியும். மதியம் நம் பொறுப்பு. காலை என்பது சீரியல், பிரெட், பால். தானே எடுத்துச் சாப்பிட வேண்டும். ராத்திரி சாப்பாடு 6 மணியிலிருந்து 7 மணிக்குள் முடிந்துவிடும். ஜெர்மனியில் பல வீடுகளில் ராத்திரி அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள், ரொட்டி, சீஸ், சாலட் அவ்வளவுதான். சூடான சாப்பாடு மதியம். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போனால் வருத்தம் இல்லை. லேட்டாக வருவதானால் மதியமே செய்தி அனுப்ப வேண்டும். சொல்லாமல் வராமல் இருப்பதை அங்கே பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

சமையலறை அனுமதி உண்டா, எந்த நேரம், பிரிட்ஜில் ஒரு தட்டு தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து சிம்னியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தாளிக்க வேண்டும். மிளகாய் வற்றல் புகைக்கு ஸ்மோக் அலாரம் அலறும். மஞ்சள் தூள் வெள்ளை மேடையில் பட்டால் அப்போதே துடைக்க வேண்டும், காய்ந்தால் கறை போகாது.

குக்கர் வாங்கிக் கொடுப்பவர்கள் கவனியுங்கள். அங்கே பல வீடுகளில் இன்டக்ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது. கடையிலேயே அடியில் காந்தம் ஒட்டிப் பார்த்து வாங்குங்கள். மிக்சி இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஓடும், 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாறும். கனடா, அமெரிக்காவுக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கே 120 வோல்ட்.

நெய்யும் பால்கோவாவும் பையில் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் பயணிகள் பால் பொருள், இறைச்சி எதுவும் கொண்டுபோக அனுமதி இல்லை, ஏர்போர்ட்டில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ஹோஸ்ட்டுக்குப் பரிசாகக் கடலை மிட்டாய் வேண்டாம், வேர்க்கடலை ஒவ்வாமை அங்கே நிறைய பேருக்கு உண்டு. கைத்தறி மேசைத் துணி, சின்னப் பித்தளை விளக்கு, கும்பகோணம் டிகிரி காபி செட் இதெல்லாம் நல்லது.

#9 அண்ணாநகர் கீர்த்தனா

மீனாட்சி அக்கா சமையலறையைச் சொன்னார், நான் குளியலறையைச் சேர்க்கிறேன். அட்வான்ஸில் பணம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அந்த ஊர் பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. பக்கெட் மக் வைத்து நம் பழக்கப்படி ஊற்றினால் தண்ணீர் பலகைத் தரைக்கடியில் இறங்கிக் கீழ்வீட்டு சீலிங்கில் கறையாக வரும். ஷவர் திரையைத் தொட்டிக்குள் விட்டுத்தான் குளிக்க வேண்டும். குளித்த பிறகு தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும். சில வீடுகளில் வெந்நீர்த் தொட்டி சின்னது, ஒருவர் இருபது நிமிடம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

குளிர் காலத்தில் ஈரத் துணியை அறைக்குள் காயப்போட்டு ஜன்னலையும் மூடி வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஜெர்மனியில் காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து மூடச் சொல்வார்கள், அந்த நேரம் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து நாள் முழுக்க விடுவது அவர்களுக்குப் பிடிக்காது, ஹீட்டிங் பில் ஏறும். ராத்திரி 10 மணிக்கு மேல் அமைதி நேரம். சென்னைக்கு வீடியோ கால் பேசுவதென்றால் அதற்கு முன்னால் பேசுங்கள். அங்கே பத்து மணி என்றால் இங்கே நடுராத்திரி தாண்டிவிடும் என்பதால் வார நாளில் அவர்களின் மாலை நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

#10 ராயப்பேட்டை சலீம்

பணம் அனுப்பும் விஷயம்.

ஹோஸ்ட்டின் தனிப்பட்ட பெயரில் வெஸ்டர்ன் யூனியன், கிரிப்டோ, கிஃப்ட் கார்டு எதுவும் வேண்டாம். போனால் திரும்பாது. வங்கி வழியாக ஏ2 எனும் அந்நியச் செலாவணிப் படிவம் நிரப்பி, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டமான எல்.ஆர்.எஸ்.ஸில் அனுப்புங்கள். படிப்புக்கான கட்டணம், தங்குமிடம் இரண்டுக்கும் நோக்கக் குறியீடு எஸ்0305. ஏஜென்சியின் இன்வாய்ஸில் உள்ள பெயரும் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கியில் கேள்வி வரும். கேள்வி வருவது நல்லதுதான், பெயர் பொருந்தாத இன்வாய்ஸ் மோசடியின் முதல் அடையாளம்.

2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டி.சி.எஸ்., அதாவது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிப்பது இல்லை. இந்த வரம்பு பான் எண்ணுக்கு, வங்கிக்கு அல்ல. இரண்டு வங்கியில் பிரித்து அனுப்பினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு டி.சி.எஸ். கிடையாது. அதனால் ஹோஸ்ட் கட்டணத்தையும் கடன் மதிப்பீட்டில் 'லிவிங் எக்ஸ்பென்ஸ்' தலைப்பில் முதலிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

மோசடிக்காரர் சொல்லும் கதை எல்லா நாட்டிலும் ஒன்றேதான்: "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், ஒரு பிரபல வாடகைத் தளத்தின் வழியாகப் பணம் கட்டுங்கள்" என்று ஒரு இணைப்பு வரும். அந்த இணைப்பே போலி. கூடவே நம்பிக்கைக்கு அவர் பாஸ்போர்ட் நகல் அனுப்புவார், அது வேறு யாரிடமோ திருடியது. உங்கள் பெண்ணின் பாஸ்போர்ட் நகலையும் கேட்பார், அது அடுத்த ஆளை ஏமாற்றப் போகும். நகல் கொடுக்கும் கட்டாயம் வந்தால் குறுக்கே பெயர், தேதி, காரணம் எழுதிக் கொடுங்கள்.

#11 வேளச்சேரி தினேஷ்

என் நண்பனுக்கு வயது 21, மான்செஸ்டரில் எம்.எஸ்சி. ஒரு அம்மா தனியாக இருக்கும் வீட்டில் 'லாட்ஜர்' ஆகச் சேரப்போகிறான். இதில் என்ன பார்க்கணும்?

#12 தாம்பரம் ஜோசப்

அந்த அம்மா அவன் விசாவைச் சரிபார்க்க வேண்டும். 'ரைட் டு ரென்ட்' சோதனை, இங்கிலாந்தில் வீட்டோடு இருக்கும் லாட்ஜருக்கும் உண்டு. இ-விசா கணக்கில் போய் வாடகைக்கான ஷேர் கோடு எடுத்துக் கொடுத்தால் போதும். அது ஆர் எழுத்தில் ஆரம்பிக்கும், 90 நாள் செல்லும். வேலைக்கான கோடு வேறு, அதைக் கொடுத்தால் அவருக்குத் திறக்காது.

தனியாக வசிப்பவருக்குக் கவுன்சில் வரியில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. "ஆள் வைத்தால் தள்ளுபடி போய்விடும்" என்று அவர் தயங்கலாம். முழுநேர மாணவரை அந்தக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றைக் கவுன்சிலுக்குக் கொடுத்தால் தள்ளுபடி அப்படியே இருக்கும். இதைச் சொன்னாலே பாதி வீடுகள் ஒப்புக்கொள்ளும்.

பலவீனம் ஒன்று உண்டு. வீட்டு உரிமையாளரோடு சமையலறை, குளியலறை பகிர்ந்து இருக்கும் லாட்ஜரை வெளியேற்ற கோர்ட் உத்தரவு தேவையில்லை, நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும். அந்த 'நியாயமான' என்பதை நான்கு வாரம் என்று இரண்டு தரப்புக்கும் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

மொழிப் பள்ளி வழியாக ஹோம்ஸ்டே எடுப்பவர்களுக்கு: பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் உள்ள பள்ளி என்றால் ஒரு வீட்டில் நான்கு மாணவருக்கு மேல் வைக்கக் கூடாது, கேட்டுக்கொண்டாலன்றி ஒரே தாய்மொழி பேசும் இருவரை ஒரே வீட்டில் போடக் கூடாது.

#13 மடிப்பாக்கம் உமா

ஆஸ்திரேலியா, கனடா பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் 18 நிறையாத மாணவருக்குப் பள்ளியே தங்குமிடப் பொறுப்பு ஏற்று 'கா' எனப்படும் கடிதம் தரலாம். அந்தக் கடிதத்தில் பொறுப்புத் தொடங்கும் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன் பிள்ளை நாட்டுக்குள் நுழையவே கூடாது. மலிவு டிக்கெட் கிடைத்தது என்று ஒரு வாரம் முன்பே பதிவு செய்வது இங்கே நிறைய நடக்கும் தவறு. முதலில் கடிதம், பிறகு டிக்கெட். ஹோஸ்ட் வீட்டைப் பள்ளி முன்கூட்டியே சோதிக்க வேண்டும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். "கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்" என்று பள்ளியிடமே கேட்கலாம்.

கனடாவில் 17 நிறையாத பிள்ளைக்குக் 'கஸ்டோடியன்' கட்டாயம். அவர் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவராக இருக்க வேண்டும். ஐ.எம்.எம். 5646 என்ற படிவத்தில் ஒரு பக்கம் அவர் அங்கே நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும், மறுபக்கம் பெற்றோர் இங்கே நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். அம்மா, அப்பா இருவரும் ஒரே நாளில் பாரிமுனை ஹைகோர்ட் பக்கம் ஆதாரோடு போனால் வேலை முடியும். முன்கூட்டியே வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள், நோட்டரி பார்க்கப் போட வேண்டும்.

#14 பெரம்பூர் வாணி

எல்லாருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் கேட்டோம், ஐ.எல்.ஆர். இல்லை. அதனால் பையனுக்குக் கார்டியன் நிறுவனம் வழியாகப் போகிறோம். அவர் வார இறுதியில் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த கட்டம் ஹோஸ்ட்டோடு வீடியோ கால். அதில் என்ன கேட்பது? வீடு பிடிக்கவில்லை என்றால் எப்படி மாற்றுவது?

#15 அண்ணாநகர் கீர்த்தனா

வாணி அக்கா, வீடியோ காலை அவர்களின் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வையுங்கள். இங்கிலாந்தில் கோடையில் மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 10.30. தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து பையனின் அறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். அறைக்கு ஜன்னல் இருக்கிறதா, மேசை நாற்காலி இருக்கிறதா, ஹீட்டரைப் பையனே கூட்டிக் குறைக்க முடியுமா, குளியலறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று பாருங்கள். நாய் பூனை இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். நாய்க்குப் பயப்படும் பிள்ளை என்றால் சொல்வதில் வெட்கம் வேண்டாம், அங்கே பல ஹோஸ்ட் வீடுகளுக்கு நாய் குடும்பத்தில் ஒரு ஆள். வீட்டுச் சாவி தருவார்களா, வாரம் எத்தனை முறை துணி துவைக்கலாம், பஸ் நிறுத்தம் எத்தனை நிமிட நடை, டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிய பிறகு அந்தப் பாதையில் விளக்கு உண்டா, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பையன் அங்கேயே இருக்கலாமா, அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். பிறகு பையனை மட்டும் அவர்களோடு பத்து நிமிடம் பேச விடுங்கள், நீங்கள் எழுந்து போய்விடுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் அவன் வாய் திறக்கமாட்டான்.

#16 தாம்பரம் ஜோசப்

மாற்றுவது பற்றி.

சாப்பாடு, நேரம், வெந்நீர் போன்ற குறை என்றால் முதலில் ஹோஸ்ட்டிடமே சொல்ல வேண்டும், அன்றைக்கே. நம் பிள்ளைகள் மரியாதைக்காக "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ராத்திரி அம்மாவிடம் அழுவார்கள். அம்மா சென்னையிலிருந்து ஏஜென்சிக்கு நீளமான மெயில் போடுவார். ஹோஸ்ட்டுக்கு அது முதல் முறையாக மூன்றாவது ஆள் வழியாகத் தெரியும்போது உறவு முறிந்துவிடும். "எனக்கு ராத்திரி கொஞ்சம் அரிசி வேண்டும், நானே வைத்துக்கொள்ளட்டுமா?" என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் பழக்கி அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் கார்டியனிடம் தேதி போட்டு எழுத்தில்.

பாதுகாப்புப் பற்றிய விஷயம் என்றால் இந்த வரிசை கிடையாது. அறைக்குள் தட்டாமல் நுழைவது, தொடுவது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, சாப்பாடு மறுப்பது, இவற்றில் எது நடந்தாலும் அதே மணி நேரத்தில் கார்டியனுக்கும் பள்ளியின் பாதுகாப்பு அலுவலருக்கும் போன், ஆபத்து என்றால் 999. ஜெர்மனியில் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 112. இந்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும், "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள்: வீடு மாற எத்தனை நாள் முன்னறிவிப்பு, கட்டிய பணத்தில் எது திரும்ப வரும். வீடு பிடித்துக் கொடுக்கும் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. தங்காத வாரங்களின் பணம் திரும்ப வேண்டும், அதைத் தேதியோடு எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

#17 குரோம்பேட்டை ரகு

ஜெர்மனியில் வீடு மாறினால் புது வீட்டுக்காரரிடம் மறுபடியும் அதே சான்று, மறுபடியும் இரண்டு வாரத்துக்குள் முகவரி மாற்றப் பதிவு. வங்கி, இன்ஷூரன்ஸ், பல்கலைக்கழகம், வெளிநாட்டினர் அலுவலகம் நான்குக்கும் புது முகவரி கொடுக்க வேண்டும். கிளம்பும் அன்று அறையைப் போட்டோ எடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, சாவி ஒப்படைத்ததற்கு ஹோஸ்ட்டிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். குடிவந்த அன்றைக்கும் இதே போல் போட்டோ எடுத்திருந்தால்தான் இது உதவும், அதனால் முதல் நாளே பெட்டியைத் திறப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

#18 மடிப்பாக்கம் உமா

ஆஸ்திரேலியாவில் 18 நிறையாதவர்கள் பள்ளியின் எழுத்து அனுமதி இல்லாமல் வீடு மாறக் கூடாது, விசா நிபந்தனை 8532 அதைத்தான் சொல்கிறது. அத்தை வீட்டுக்குப் பத்து நாள் போகிறேன் என்றாலும் முதலில் பள்ளியிடம் கேட்டு மெயிலில் பதில் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.